பழைய ஹொண்டா சிடி 200 மோட்டார் சைக்கிளுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட் போடுவது?

கேம் என்பது எஞ்சினின் வால்வ்களைத் திறந்து மூடும், மேடுகள் உள்ள தண்டு. என்னுடைய சிடி 200-க்கு ஒரு பட்டறையில் வேறொரு கேமைத் திருப்பிக் கடைந்து 'ரேஸ் கேம்' என்று சொல்லித் தந்தார்கள். அடுத்த நாளே மனைவியைப் பின்னால் ஏற்றி, டாங்கிக்கு மேல் ஒரு அரிசிப் பையும் வைத்துக்கொண்டு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஏறினால், மூன்றாம் கியரில் இழுக்கவே மாட்டேன் என்றது. வெறும் ஆளாக நீண்ட ரோட்டில் முறுக்கினால் பறந்தது, அது உண்மை. ஆனால் கல்முனை ரோட்டில் சந்திக்குச் சந்தி மாடும் ஆட்டோவும் நிற்கிற ஊரில் அப்படி முறுக்க எங்கே இடம்?

கிராங் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதிலுள்ள மேட்டின் உயரம் வால்வ் எவ்வளவு திறக்கும் என்பது, மேட்டின் அகலம் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது. விற்கிறவர் எப்போதும் உயரத்தைத்தான் சொல்லுவார். நீங்கள் கேட்கவேண்டியது, பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வ் எப்போது மூடுகிறது என்பதை. பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்லெட் கொஞ்சம் திறந்துதான் இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பாய்ந்து வரும் கலவைக்கு உந்தம் இருப்பதால் அது பிஸ்டனை எதிர்த்தும் உள்ளே வந்து நிரம்பும், மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் கிடையாது, வந்த கலவையையே பிஸ்டன் கார்பரேட்டர் பக்கம் திருப்பித் தள்ளிவிடும், அமுக்கம் குறையும், இழுவை போய்விடும். பிஸ்டன் கடைசியாக இறங்கும் அடிப்புள்ளியைத் தாண்டிக் கிராங்கில் ஏறத்தாழ 40 பாகைக்குள் மூடுகிற கேம் சுமையோடு ஓட நல்லது. 60-ஐத் தாண்டினால் அது பந்தயத்துக்கு. இரண்டு கேமை ஒப்பிடும்போது ஒரே தூக்கலில் (வால்வ் எழும்பிய அளவு), உதாரணமாக 1 மி.மீ. தூக்கலில், எடுத்த கணக்கா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வ் மூட முன்னமே இன்லெட் திறக்கிற அந்த இடைவெளி நீண்டால் ஐட்லிங் நடுங்கும், பெற்றோலும் வீணாகும். சிடி 200-இல் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்பரேட்டர், அதனால் ஒன்றின் எதிர்வீச்சு மற்றதையும் குழப்பும். பெரிய கேமோடு ஜெட், சைலன்சர் எல்லாம் மாற்றத் தயாரில்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, காசைக் கொடுக்க முன் ஒரு சோதனை. நான் புலம்பிக்கொண்டு போனபோது காத்தான்குடி நானா ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "செயினப் பாத்தீங்களா தம்பி? அத மாத்திப்போட்டு மறுகா கேமப் பத்திக் கதைப்பம்." கிராங்கிலிருந்து கேமைச் சுற்றும் டைமிங் செயின் நீண்டால் கேம் பின்தங்கும், வால்வ் பிந்தி மூடும், கீழ் இழுவை குறையும். நல்ல கேம்மீது பழி விழுவது இப்படித்தான். டெப்பட்டும் அப்படியே, அதாவது கேம் மேடு தள்ள வால்வை அமுக்கும் ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளியை வைக்கும் திருகு: இடைவெளி கூடினால் வால்வ் திறந்திருக்கும் நேரம் குறையும், சத்தமும் வரும். ஹொண்டா கப் 90-க்குக் குளிர்ந்த எஞ்சினில் 0.05 மி.மீ.; உங்களுடையதற்கு மனுவலில் உள்ளதை வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் கேம்தான் என்றால், அளந்து பூட்டுங்கள். ஒரு பழைய சீடித் தட்டில் பாகைமானியைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கிராங் முனையில் பூட்டலாம். கேமைப் பூட்ட முன், பழைய பிளக்கின் உள்ளைத் தட்டி எடுத்து அதில் ஒரு போல்ட்டை இறுக்கிப் பிஸ்டனுக்கு நிறுத்தியாக்கிப் பிளக் துளையில் பூட்டுங்கள். கையால் மெதுவாக இரண்டு பக்கமும் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இரண்டு பாகைக்கும் நடுவே இருப்பதுதான் மேல்புள்ளி. டைமிங் செயினைக் கம்பியால் கட்டிக்கொண்டு சுற்றுங்கள், உள்ளே விழுந்தால் அன்றைய நாள் போச்சு. அப்புறம் நிறுத்தியைக் கழற்றிக் கேமைப் பூட்டி, இன்லெட் வால்வில் டயல் கேஜ் வைத்து, வால்வ் முழுதாகத் திறந்த உச்சத்துக்கு இரு பக்கமும் ஒரே அளவு இறங்கிய இடங்களைக் குறித்து நடுவை எடுங்கள். கேம் தந்தவர் சொன்ன பாகையோடு அது பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு பல் தள்ளிப் போடுவது வழியல்ல, 28 பல் உள்ள கேம் சக்கரத்தில் ஒரு பல் என்றால் கிராங்கில் கிட்டத்தட்ட 26 பாகை. சக்கரத்தின் போல்ட் துளையைக் கொஞ்சம் நீட்டித்தான் சரிக்கட்டவேண்டும்.

வால்வ் பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் பிள்ளைகளின் களிமண்ணைக் கொஞ்சம் வைத்து ஹெட்டைப் பூட்டி இரண்டு சுற்றுக் கையால் சுற்றிக் கழற்றுங்கள். மெலிந்த இடத்தை அளந்தால் இன்லெட்டுக்கு 1.5, எக்ஸாஸ்டுக்கு 2 மி.மீ. ஆவது மிஞ்சவேண்டும். வால்வ் முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது.

கடைந்த கேமில் அடிவட்டம் சிறுத்திருக்கும், டெப்பட் திருகு அளவுக்கு மிஞ்சி வெளியே வரும். மேற்தோலின் கடினமும் போயிருந்தால் சில மாதத்தில் மேடு தேய்ந்து மட்டமாகிவிடும். தேய்ந்த ரொக்கரைப் புதுக் கேமோடு போடாதீர்கள். பூட்டும்போது மொலி கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள், ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் நடு வேகத்தில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு எண்ணெயை மாற்றுங்கள்.

நான் கடைசியில் பழைய கேமையே திருப்பிப் போட்டேன், புதுச் செயினோடு. மஹியங்கனை 18 வளைவு மலைப் பாதைக்குப் போகிற நாளுக்கென்று, இழுவை கூடப் பின்சக்கரத்தில் இரண்டு பல் கூடிய ஸ்புரொக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், விலை கேமின் கால்வாசிகூட இல்லை. அந்த ரேஸ் கேம் எண்ணெய்த் துணி சுற்றி அலுமாரிக்கு மேல் கிடக்கிறது, யாருக்காவது தேவையென்றால் சும்மாவே தருவேன்.