மாரிக்கு முன்னரே நாகுகளுக்குத் தீனி சேர்த்தல்

பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் மட்டக்களப்பு வட்டைகளில் (வயல்வெளிகளில்) மாடுகளுக்கு இடமில்லாமற் போவதால், பட்டிகள் மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்லப்படுகின்றன. மழையில் எங்கும் பச்சை தெரிந்தாலும், பல பட்டிகள் ஒரே தரையில் நெருங்கி மேய, பள்ளங்களில் வெள்ளமும் நிற்கும்போது, முதலில் வயிறு ஒட்டுவது இறைச்சிக்கும் இனவிருத்திக்குமென வளர்க்கும், இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்களான நாகுகளுக்குத்தான். அந்த மாதங்களில் வளர்ச்சி நின்ற நாகு சினைப்படுவதும் பிந்தும்.

ஆகவே மாரித் தீனிக்கான வேலையைச் சிறுபோக அறுவடையிலேயே தொடங்க வேண்டும். இயந்திரம் அறுத்துக் கொட்டிய வைக்கலைக் கொளுத்துபவர், என்னைக் கேட்டால், தன் மாட்டின் டிசம்பர் மாதச் சாப்பாட்டையே கொளுத்துகிறார். ஈரம் காய்ந்ததும் அதை அள்ளி, நிலத்தில் படாதவாறு மரக்குற்றிகளின் மேல் போராக அடுக்கி, கூரையோ பொலித்தீனோ போட்டு மூடி வைக்க வேண்டும்.

வெறும் வைக்கலில் புரதம் மிகக் குறைவு என்பதால் யூரியாவால் பதப்படுத்துவது நல்லது. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் ஒரு கட்டியும் மிஞ்சாமல் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, நன்றாக மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி, இரண்டு வாரங்கள் விட வேண்டும். திறக்கும்போது அமோனியா மூக்கைத் துளைக்கும். மஞ்சள் நிறம் கபிலமாக மாறி, தாளும் மெதுமையாகியிருக்கும். வெண்பூஞ்சை பிடித்த பகுதியை எறிந்துவிட்டு, மிகுதியைச் சில மணி நேரம் காற்றாட விட்ட பின்னரே போட வேண்டும். யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் வாளியைக்கூடக் கழுவாமல் விடக்கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இந்த வைக்கல் வேண்டாம்.

100 கிலோ நிறையுள்ள நாகு உலர்நிலைக் கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோ வரை தின்னும். மேய்ந்து திரும்பிய மாலையில் அதற்கு இரண்டு கிலோ வைக்கலும், வேலியில் வெட்டி ஒரு நாள் வாட விட்ட கிளிசிரிடியாக் குழையும், அரைக் கிலோ தவிடும், சிறிது தாதுப்புக் கலவையும் கொடுக்கலாம். வாடாத குழையை முகர்ந்துவிட்டு ஒதுங்கும் நாகுகள் உண்டு. பெரிய பசுக்கள் முட்டித் தள்ளிவிடும் என்பதால், நாகுகளைத் தனி மாட்டுக் காலைக்குள் (தொழுவத்துக்குள்) அடைத்துத் தீனி போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தவிடு முழுவதும் பசுவின் வயிற்றுக்கே போகும்.

மாதம் ஒருமுறை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து குறித்து வைக்க வேண்டும். இரண்டு மாதமாக அளவு கூடாவிட்டால், தவிட்டைக் கூட்டுவதற்கு முன்னர், குடற்புழு இருக்கிறதா என்று கால்நடை வைத்தியரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.