மரம் ஏறக் கயிறு கட்டுவது: தூரிலா, உச்சியிலா?

மர வேலைக்குக் கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஹார்னஸையும் (உடலில் பூட்டும் பட்டைக்கச்சை) கராபினரையும்தான் (திறந்து மூடும் கொக்கி). நல்ல கராபினரில் பெரும்பாலும் 23 கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும், ஏறத்தாழ 2.3 டன். இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரத்தின் ‘ஏ’ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்கியாக வேண்டும். கயிறு தொங்கப்போகும் கொம்பு எவ்வளவு தாங்கும் என்றுதான் யாரும் அச்சடித்துத் தருவதில்லை. அதனால் கருவியைவிடக் கொம்பைப் பார்க்கவே அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

கீழிருந்தே தொடங்குங்கள். தூரில் காளான், வேரருகே மண் வெடிப்பு, தண்டில் பொந்து இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காரணம் புரியும்வரை ஏறக்கூடாது. பிறகு பைனாகுலரில் கவைகளைப் பாருங்கள். கயிறு உட்காரும் இடம் பச்சை மரமாக, 10 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல், தண்டை ஒட்டியதாக இருக்க வேண்டும். இது புளி, வேம்பு போன்ற உறுதியான மரத்துக்கான கணக்கு. முருங்கைக்கும் நாவலுக்கும் செல்லாது. அவை பார்வைக்குப் பருமனாக இருந்தே சடாரென ஒடியும். இரண்டு கொம்புகள் குறுகலாகச் சேரும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்து கோடாகத் தெரிந்தால், அங்கே மரத்தோடு மரம் பிணையவில்லை என்று பொருள். அந்தக் கவையை விட்டுவிடுங்கள். முசுறுக் கூடு, கடந்தைக் கூடு, மின்கம்பி மூன்றையும் கயிறு எறியும் முன்பே தேடுங்கள். நனைந்த எறிகயிறும் மின்சாரம் கடத்தும்.

எறிவதற்கு 2 மி.மீ. மெல்லிய கயிறு 50 மீட்டர், முனையில் ஈயக்குண்டு நிரப்பிய 300 முதல் 400 கிராம் பை. கயிற்றை ஒரு வாளியில் தளர்வாகக் கொட்டி வைத்தால் சிக்காது. பை மேலே மாட்டிக்கொண்டால் கயிற்றைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். விடுபட்ட பை நேரே இழுத்தவர் முகத்துக்குத்தான் வரும்.

பை சரியான கவையைத் தாண்டி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி, நிலையாகத் தொங்கும் ஒற்றைக் கயிற்றில் ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

தூர்க்கட்டு என்பது கயிற்றைக் கவையின் மேலாக விட்டு, ஒரு முனையை அடிமரத்தில் கட்டி, மறு பக்கத்தில் ஏறுவது. வேகமான வழி. சின்னக் கிளைகள் இரண்டொன்று இடையில் அகப்பட்டாலும் ஏறிவிடலாம். ஆனால் கவையின் மேல் விழும் சுமை இரட்டிப்பாகும். ஏறுபவர் 80 கிலோ, கருவி 10 கிலோ என்றால் ஏறும் பக்கம் 90 கிலோ. அதைச் சமன் செய்ய மறு பக்கமும் இழுக்கும். பட்டையின் உராய்வு கொஞ்சம் கழித்தாலும், கவைக்கு 180 கிலோ என்றே கணக்கிடுங்கள். ஏறும்போது உலுக்குவதில் இன்னும் கூடும். இரண்டு பக்கக் கயிறும் தண்டை ஒட்டி நேர்கீழாக இறங்கினால் சுமை தண்டின் போக்கிலேயே விழும். அடிக்கட்டு தள்ளி, சாய்வாக இருந்தால் கவை பக்கவாட்டில் இழுபடும். பல கொம்புகள் உடைவது அப்படித்தான்.

கயிறு நீள்வதும் இங்கே இரட்டிப்பு. 20 மீட்டர் உயரத்துக் கவைக்கு 40 மீட்டர் கயிறு சுமையில் இருக்கும். 3 சதவீதம் நீண்டாலே 1.2 மீட்டர் தொய்வு. முதல் சில அடிகள் தரையை விட்டே எழும்பாமல் போவது இதனால்தான்.

அடிமரத்தில் வெறும் முடிச்சாகப் போட்டுவிடாதீர்கள். சுமை ஏறிய முடிச்சை அவிழ்க்க முடியாது. தாங்கும் சுமை முத்திரையிட்ட ஸ்லிங்கை (நாடா வளையம்) தண்டில் சுற்றி, அதில் டிசென்டர் (கயிற்றைப் பூட்டவும் மெல்ல விடவும் உதவும் இறக்கும் கருவி) மாட்டி, கயிற்றை அதில் பூட்டி, மிச்சக் கயிற்றைப் பக்கத்திலேயே பையில் வையுங்கள். மேலே இருப்பவர் மயங்கினால் கீழிருந்தே இறக்கலாம். அதற்கு உயரத்தின் மூன்று மடங்கு கயிறு வேண்டும்: 20 மீட்டருக்கு 60. இதையே முழுப் பாதுகாப்பாக நம்பிவிடவும் வேண்டாம். அவருடைய இடைக்கயிறு (ஹார்னஸிலிருந்து மரத்தைச் சுற்றி மாட்டும் குட்டைக் கயிறு) தண்டைச் சுற்றி மாட்டியிருந்தால் டிசென்டரைத் திறந்தாலும் இறங்கமாட்டார். மீட்புக்கு ஏறத் தெரிந்த இன்னொருவர், இன்னொரு ஹார்னஸோடு கீழே இருந்தே ஆக வேண்டும்.

தூர்க்கட்டின் பெரிய ஆபத்து கீழே வேலை செய்பவரின் செயின்சா. கட்டிய இடத்தில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டி, அங்கே யாரும் ரம்பம் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். மேலே இருப்பவரும் கயிற்றின் இரண்டு பக்கத்தையும் நினைவில் வைத்தே அறுக்க வேண்டும். வெட்டு வேலை நடக்கும்போது தூர்க்கட்டிலேயே தொங்குவதை நாங்கள் ஒப்புவதில்லை. ஏற மட்டும் அதை வைத்துக்கொண்டு, மேலே போனதும் உச்சிக்கட்டுக்கு மாறிவிடுவதே நல்லது.

உச்சிக்கட்டில் கயிறு கவையிலேயே இறுகி நிற்கும். சுமை இரட்டிக்காது, 90 கிலோ 90 கிலோவாகவே விழும். கீழிருந்தே போடுவதானால் எறிகயிறு ஒரே ஒரு கொம்பைத் தனியாகச் சுற்ற வேண்டும். அதைக் கொண்டு ஏறுகயிற்றின் முனையைக் கொம்பின் மேலாக இழுத்துக் கீழே கொண்டுவாருங்கள். அந்த முனையில் ஆல்பைன் பட்டர்ஃபிளை என்ற வளைய முடிச்சுப் போட்டு, அதன் வளையத்தில் திருகு வாயுள்ள எஃகு இணைப்பை மாட்டி, மறு பக்கக் கயிற்றை அதற்குள் விட்டு, வாயை இறுகத் திருகுங்கள். பிறகு கழற்றி இழுப்பதற்காக அதே வளையத்தில் எறிகயிற்றைக் கட்டி, மறு பக்கத்தை இழுத்தால் முடிச்சு மேலேறிக் கொம்பை இறுக்கும். இந்த இடத்தில் கராபினர் வேண்டாம். மரத்தில் அழுந்திக் குறுக்காக இழுபட்டால் அதன் பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கயிறு தளரும்போது சுருக்கும் தளர்ந்து நழுவலாம். ஆகவே சுருக்கு விழும் இடத்துக்குக் கீழே தடுக்க ஒரு கிளை இருக்கட்டும்.

எந்தக் கட்டானாலும் இருவர் சேர்ந்து ஏறும் பக்கத்தில் தொங்கி, மெல்ல உலுக்கிப் பாருங்கள். மூன்றாமவர் தள்ளி நின்று கவையைப் பார்க்க வேண்டும். படக்கென்று சத்தம் வந்தால் வேறு கவை.

கயிறு 11 முதல் 13 மி.மீ. வரை, ஆனால் கருவி எந்தத் தடிமனை ஏற்கிறதோ அதுதான் முடிவு. பெட்ஸல் நிறுவனத்தின் ஜிக்ஜாக் என்ற ஏறி இறங்கும் கருவி 11.5 முதல் 13 வரை ஏற்கும். ஒற்றைக் கயிற்றில், உராய்வைக் கூட்டும் துணைக்கருவியான சிக்கேன் இல்லாமல் அதில் இறங்கக்கூடாது. கருவிக்குப் பதில், ஏறுகயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் உராய்வு முடிச்சு மட்டும் போட்டு இறங்குபவர்களுக்கும் இதே விதி: ஒற்றைக் கயிற்றில் மொத்தச் சுமையும் முடிச்சிலேயே விழுந்து அது பூட்டிக்கொள்ளும், ரோப் ரெஞ்ச் போன்ற ஒரு துணைக்கருவி முடிச்சுக்கு மேலே உராய்வைப் பங்கிட வேண்டும். முடிச்சுக் கயிறு 8 முதல் 10 மி.மீ., வெப்பம் தாங்கும் அராமிட் இழை கலந்தது. தனி டைனீமா இழைக் கயிறு கூடவே கூடாது. சுமார் 145 டிகிரியிலேயே உருகிவிடும்.

செயின்சாவைக் கிளப்பும்போது ஏறுகயிறு போக, எஃகுக் கம்பி உள்ளோடிய இடைக்கயிறும் மாட்டியிருக்க வேண்டும். கம்பி கைரம்பத்துக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஓடும் சங்கிலிக்கு நிற்காது.

வேலை முடிந்து கயிற்றை இழுக்கும் முன் கருவி நழுவாமலிருக்க அதன் முனையில் போட்ட தடுப்பு முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் அது கவையில் போய்ச் செருகிக்கொள்ளும்; அதை எடுக்க இன்னொரு முறை ஏற வேண்டியிருக்கும்.