ஆக்டிவ் டைரக்டரி தேர்வுக்கு நம் மாவட்டமே பயிற்சிக்களம்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்து விண்டோஸ் சர்வர் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராவோர், 180 நாள்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் சர்வர் மதிப்பீட்டுப் பதிப்பை விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) நிறுவி, பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் சொந்தமாக ஒரு டொமைனை, அதாவது அப்படி நிர்வகிக்கப்படும் ஒரு தொகுதியை, அமைத்துப் பழகுவது மிகவும் பயன் தரும்.

அதில் தருமபுரி என்றொரு ஓயூவை (பயனர்களையும் கணினிகளையும் பிரித்து வைக்கும் உட்பிரிவு) உருவாக்கி, அதன்கீழ் அரூர், பாலக்கோடு, ஓசூர், ஊத்தங்கரை ஆகியவற்றை அமையுங்கள். பிறகு, 2004-இல் மாவட்டம் பிரிந்ததைப் போலவே, கிருஷ்ணகிரி என்ற புதிய ஓயூவை உருவாக்கி, ஓசூரையும் ஊத்தங்கரையையும் அதற்குள் நகர்த்துங்கள். அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால் கலங்க வேண்டாம். தவறுதலாக அழிந்துவிடாமல் காக்கும் பாதுகாப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால்தான் அது வருகிறது. ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் கருவியின் வியூ மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸைத் தேர்ந்தெடுத்தபின், அந்த ஓயூவின் ஆப்ஜெக்ட் பக்கத்தில் உள்ள குறியை நீக்கினால் நகர்த்திவிடலாம். முடிந்ததும் குறியை மறக்காமல் மீண்டும் இட்டுவிடுங்கள்.

இனிமேல்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. தருமபுரியில் இணைத்திருந்த குரூப் பாலிசி (பயனர்களுக்கும் கணினிகளுக்கும் மொத்தமாக விதிக்கும் அமைப்புகள்) இனி ஓசூர்ப் பயனர்களுக்குச் செல்லாது. ஓசூரிலேயே நேரடியாக இணைத்திருந்தது மட்டும் கூடவே வரும். எந்தெந்தப் பாலிசி செயலில் உள்ளது என்று காட்டும் ஜிபிரிசல்ட் (gpresult) கட்டளையால் இதைச் சரிபாருங்கள். கிளையன்ட் கணினிகள் (டொமைனில் சேர்ந்த பயனர் கணினிகள்) வழக்கமாக 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதனுடன் 30 நிமிடம் வரை கூடுதல் இடைவெளியில், பாலிசியைப் புதுப்பிப்பதால், காத்திருக்க விரும்பாதோர் உடனே புதுப்பிக்க ஜிபிஅப்டேட் (gpupdate) கட்டளையை இயக்கலாம்.

கிளையன்ட் கணினி டொமைனில் சேர மறுத்தால், அதன் டிஎன்எஸ் முகவரி (பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் சர்வரின் முகவரி) டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரையே சுட்டுகிறதா என்பதை முதலில் பாருங்கள்.