கர்ப்ப காலத்தில் வால் எலும்பு வலி: நிம்மதி தேடிச் செய்யும் தவறுகள்

நடக்கும்போது பெரிதாகத் தெரியாது. நிற்கும்போதும் சமாளித்துவிடலாம். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கும் அந்த நொடியில்தான், பிட்டங்களுக்கு நடுவே, ஆசனவாய்க்குச் சற்று மேலே, சுருக்கென்று குத்தும். விரலை வைத்து "இங்கேதான்" என்று ஒரே இடத்தைக் காட்ட முடிந்தால், அது பெரும்பாலும் வால் எலும்பு வலி.

முதுகெலும்பின் கடைசி நுனிதான் வால் எலும்பு. மூன்று முதல் ஐந்து சிறு எலும்புகள் சேர்ந்த துண்டு. அளவில் சின்னது, ஆனால் பிட்டத் தசைகளும், கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளும் இதில் வந்து பிணைகின்றன. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள், பிரசவத்துக்கு வழிவிட இடுப்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னே தள்ளத் தள்ள முதுகின் வளைவும் மாறுகிறது. தளர்ந்த மூட்டின் மீது கூடுதல் சுமை விழுகிறது. முன்பு எப்போதாவது வழுக்கி விழுந்து அடிபட்ட இடமாக இருந்தால் வலி இன்னும் சீக்கிரம் தலைகாட்டலாம்.

ஆக, இது சுமையால் வரும் வலி. சுமையை இறக்கினால் குறையும். நிம்மதிக்காக நாம் வழக்கமாகச் செய்யும் பல காரியங்கள் அந்தச் சுமையைத் திரும்ப அதே எலும்பின் மீது ஏற்றிவிடுவதுதான் சிக்கல்.

சாய்ந்து உட்கார்வது

வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது. உடனே மெத்தென்ற சோபாவில் புதைந்து, முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொள்வோம். பார்க்க ஓய்வு போலத்தான் இருக்கும். ஆனால் வால் எலும்புக்கு இதைவிட மோசமான இருப்பு இல்லை.

நிமிர்ந்து உட்காரும்போது உடல் எடை பிட்டத்தின் இரு பக்கமும் உள்ள உட்காரும் எலும்புகளின் மேல் இறங்குகிறது. உள்ளங்கைகளை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள், இரண்டு கெட்டியான முட்டுகள் தட்டுப்படும். அவை எடை தாங்குவதற்கென்றே அமைந்தவை. பின்னால் சரியும்போது அந்த எடை நகர்ந்து வால் எலும்புக்குப் போய்விடுகிறது. சோபா எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு இடுப்பு உள்ளே அமிழ்ந்து சரிவு கூடும்.

எனவே ஓரளவு உறுதியான இருக்கை, இரண்டு பாதமும் தரையில், முழங்கால் இடுப்பைவிடச் சற்றே தாழ்வாக. கீழ் முதுகின் வளைவில் ஒரு சிறு தலையணையோ சுருட்டிய துண்டோ இருந்தால் இடுப்பு பின்னால் சரியாது. வலி கடுமையாக இருக்கும் நேரத்தில், மேசை மேல் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே வித்தியாசம் தெரியும். கால் மேல் கால் போட்டால் ஒரு பக்கமாகப் பாரம் விழும், அது வேண்டாம். வெறுந்தரையில் நெடுநேரம் உட்கார்வதும் வேண்டாம்.

எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் நீண்ட நேரம் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பது, விலை உயர்ந்த நாற்காலியைவிட அதிகம் உதவும்.

எழுந்திருப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சாய்ந்த நிலையிலிருந்து அப்படியே உந்தி எழுந்தால்தான் குத்தல் அதிகம். முதலில் இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். மார்பை முன்னால் சாய்த்து, கைகளைத் தொடையிலோ கைப்பிடியிலோ ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். எடை பாதத்துக்கு வந்த பிறகே இடுப்பு இருக்கையை விட்டு எழ வேண்டும்.

வட்டக் குஷனை நம்புவது

வால் எலும்பு வலி என்றதும் பலரும் வாங்குவது நடுவில் ஓட்டை உள்ள வட்டக் குஷன். கர்ப்பிணிகளுக்கானது என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுகிறோம். ஓட்டை நடுவில் இருக்கிறது. வால் எலும்போ பின்னால் இருக்கிறது. பலருக்கு அது வளையத்தின் பின் விளிம்பிலேயே போய் உட்காரும். போதாக்குறைக்கு நடுவில் உள்ள தசைகள் தாங்கலின்றித் தொங்கும். பின்பக்கம் 'ப' வடிவில் வெட்டுவிட்ட, முன்னோக்கிச் சற்றுச் சரிந்த குஷன்தான் இந்த வலிக்குப் பொருத்தம். வெட்டுப் பகுதி பின்னால் வரும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டுப் பயனில்லை என்பவர்களும் உண்டு.

படுத்தே கிடப்பது

உட்கார்ந்தால்தானே வலி, படுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். டாக்டர் வேறு காரணத்துக்காகப் படுக்கச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். மற்றபடி நாள் முழுவதும் படுத்தால் தசைகள் இறுகும், மலச்சிக்கல் கூடும். மிதமான நடை, முடிந்தால் நீச்சல் இரண்டும் நல்லவை. கை, முழங்கால் ஊன்றிக் குனிந்து முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்தும் பயிற்சியில் வால் எலும்பின் மேல் எந்தப் பாரமும் இல்லை. ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கும்போது பக்கவாட்டில் திரும்பி, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துப் படுங்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். 28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில்தான் தூங்கப் போக வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். நடுராத்திரியில் விழித்துப் பார்த்து மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

பழைய மாத்திரையை எடுத்துப் போடுவது

மேலே சொன்ன தவறுகளால் வலி நீளும், அவ்வளவுதான். இது அப்படியல்ல. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் தானாகப் போடக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் எச்சரித்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், பிறந்த பிறகே மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் குழந்தையின் இதயத்தருகே முன்கூட்டியே சுருங்கும் ஆபத்தும் உண்டு. மேலே தடவுவதுதானே என்று வலி ஜெல்லையோ தைலத்தையோ தாராளமாகப் பூசுவதும் சரியல்ல. அதே மருந்துகள் அவற்றிலும் இருக்கலாம். பொதுவாக டாக்டர்கள் முதலில் சொல்வது பாரசிட்டமால். அதையும் அவர் சொன்ன அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும்.

இதைப் படித்துவிட்டு, டாக்டர் வேறு காரணத்துக்காகக் கொடுத்திருக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

ஒத்தடம் கொடுக்கலாம். வெதுவெதுப்பாகவோ, துணியில் சுற்றிய ஐஸாகவோ, பத்துப் பதினைந்து நிமிடம். சூடு தாங்கும் அளவில் இருக்கட்டும், அதையே வைத்துக்கொண்டு தூங்கிவிட வேண்டாம்.

மலச்சிக்கலைத் தனி விஷயமாக நினைப்பது

மலக்குடல் வால் எலும்புக்கு நேர் முன்னால் இருக்கிறது. முக்கும்போது அங்குள்ள தசைகள் எல்லாம் அந்த எலும்பை இழுக்கும். கர்ப்பத்தில் குடல் இயக்கமே மந்தம். இரும்புச் சத்து மாத்திரை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதற்காக மாத்திரையைக் கமுக்கமாக நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். ரத்தசோகையை வரவழைத்துக்கொள்வதைவிட டாக்டரிடம் சொன்னால் வேறு வகை மாத்திரைக்கோ வேறு நேரத்துக்கோ மாற்றுவார். தண்ணீரும் நார்ச்சத்தும் அதிகம் சேருங்கள். கழிவறை இருக்கையில் உட்காரும்போது பாதத்துக்கு அடியில் ஒரு சிறு பலகை வைத்து முன்னால் சாய்ந்தால் முக்க வேண்டிய தேவை குறையும்.

அழுத்திப் பிடித்துவிடச் சொல்வதும் அளவின்றி இறுக்குவதும்

எலும்பு விலகியிருக்கிறது, தட்டிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வால் எலும்பின் மேல் நேரடியாக அழுத்தினால் வலி கூடும். சுற்றியுள்ள பிட்டத் தசைகளை மென்மையாகத் தடவிவிடலாம். கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அதுவே நல்ல வழி. இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி நல்லதுதான் என்றாலும், சிலருக்கு அந்தத் தசைகள் ஏற்கெனவே இறுகிப்போனதால்தான் வலியே வரும். அவர்கள் இறுக்கிக்கொண்டே இருந்தால் வலி ஏறும். தளர்த்தப் பழகுவதே அவர்களுக்கு முதல் பாடம்.

எல்லாவற்றையும் கர்ப்பத்தின் மீது போடுவது

வலி கால் வழியாகக் கீழே இறங்கினால் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். முன்பக்கம், அடிவயிற்றின் கீழ் எலும்பில் வலித்தால், இடுப்பு எலும்புகள் முன்னால் சேரும் மூட்டு காரணமாக இருக்கலாம். பிட்டப் பிளவில் வீக்கம், சிவப்பு, சீழ் இருந்தால் அது தொற்று. எந்த இடம் என்று டாக்டரிடம் விரலால் காட்டுங்கள். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் பிடிபடாது.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வலி, ரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீரில் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவை அந்த வகை. தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது ஆகியவை முதுகுத் தண்டு நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரசவத்துக்கு முன்பே இந்த வலியைப் பற்றி மருத்துவக் குழுவிடம் சொல்லி வையுங்கள். குழந்தையின் தலை இறங்கும்போது வால் எலும்பு பின்னோக்கி நகர வேண்டும். மல்லாந்து படுத்திருந்தால் படுக்கை அதைத் தடுக்கும். பக்கவாட்டிலோ கை முழங்கால் ஊன்றியோ இருந்தால் நகர இடம் கிடைக்கும். இந்த வலி இருக்கிறது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

குழந்தை பிறந்ததும் வலி மறைந்துவிடும் என்று நாள் குறித்து வைக்காதீர்கள். பலருக்கு மெல்ல மெல்லத்தான் குறையும், சிலருக்குப் பிரசவத்தின்போதுதான் தொடங்கவே செய்யும். பால் கொடுக்க ஒரு நாளில் பல மணி நேரம் உட்கார வேண்டியிருப்பதால், மடியில் தலையணையை உயர்த்தி வைத்துக் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள்; இடையிடையே பக்கவாட்டில் படுத்தும் பால் கொடுங்கள். சில வாரங்கள் கழித்தும் வலி அப்படியே இருந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.