அடிக்கடி முட்டை அடைக்கும் கோழிக்கு

வாலைத் தொங்கவிட்டு, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று கோழி முக்கினால், முட்டை வெளியே வராமல் உள்ளே அடைத்திருக்கலாம். 38–40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அடிவயிறு மூழ்க 15–20 நிமிடம் உட்கார வைப்பேன். ஈரம் போகத் துடைத்து, எச்சத்துளையில் தேங்காய் எண்ணெய் தடவி, கதகதப்பான இருட்டுப் பெட்டியில் விடுவேன். வயிற்றை அமுக்கவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் வயிறு புண்ணாகி உயிரே போகலாம்.

என் கோழிக்கு இந்த அடைப்பு திரும்பத் திரும்ப வந்தது, வெளிச்சத்தைக் குறைத்த பிறகுதான் தணிந்தது. பகல் நீண்டால் உடம்பு முட்டையிடத் தூண்டப்படும். நம்மூரில் பகலே சுமார் 12 மணி நேரம். அதனால் காலை 7 முதல் மாலை 4 வரைதான் வெளியே. மற்ற நேரம் காற்றோட்டமுள்ள இருட்டுக் கூண்டு. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் சிப்பித்தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதை அதுவே கொத்திக்கொள்ளும். வயிறு தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.