நீட்டுக் கேத்திரகணிதச் சொல்லா, வாலைப் பிடியுங்கள்

ஆங்கிலத்தில் டோடெக்காஹீட்ரன் (பன்னிரண்டு முகமுள்ள திண்மம்) மாதிரி நீட்டுச் சொல் வந்தால் முன்னாலிருந்து எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்காமல் கடைசி ‘ஹீட்ரன்’ஐ முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள், அழுத்தம் அந்த ‘ஹீ’யில்தான் (சிலர் ஹெட்ரன் என்பார்கள், அதுவும் சரி), மீதி வெறும் எண்: டெட்ரா 4, ஒக்டா 8, டோடெக்கா 12, ஐகோசா 20. கிரேக்கத்தில் ஹெட்ரா என்றால் இருக்கை, இங்கே முகம். நம்முடைய பன்னிருமுகி, இருபதுமுகி போலத்தான் எண்ணும் முகமும் ஒட்டிய சொல், ஒட்டின இடத்திலேயே பிரித்தால் நாக்கு சிக்காது. மட்டக்களப்பில் தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்துக்கு மாறுகிற பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் இதிலேயே போய்விடும்.

‘கன்’ என்று முடிகிறவற்றுக்கு இந்த அழுத்தக் கணக்குச் சரிவராது. பென்டகனில் (ஐங்கோணி) அழுத்தம் தலையில், பென்டாகனல் (ஐங்கோண வடிவான) ஆனதும் ‘டா’வுக்குத் தாவிவிடும். பரலெலெபைபெட் (ஆறு முகமும் இணைகரமான திண்மம்)? அதை மட்டும் பரலெல், எ, பை, பெட் என்று தனியாகப் பாடமாக்குங்கள், வேறு வழியில்லை.