டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள், இனி என்ன?

வருமான வரி என்று பேச்சை எடுத்தாலே மாதச் சம்பளக்காரர்கள் சொல்வது இதுதான்: "அதுதான் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்களே!" டி.டி.எஸ். என்பது சம்பளமோ வட்டியோ கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொள்ளும் வரி. பிடித்தது உண்மை. ஆனால் பிடித்தது முன்பணம்தான், கணக்கு முடியவில்லை.

வங்கி வைப்புத்தொகையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எந்த வரி அடுக்கில் இருக்கிறீர்கள் என்று வங்கிக்குத் தெரியாது. வட்டியில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிடும். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு ஆண்டு வட்டி 2 லட்சம் ரூபாய் என்றால், வரியின் மேல் விதிக்கும் கூடுதல் தொகையான செஸ்ஸும் சேர்த்து வரி 41,600. வங்கி பிடித்தது 20,000. மீதி 21,600 உங்கள் தலையில். இப்படிப் பாக்கி 10,000 ரூபாயைத் தொட்டாலே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் தவணை தவணையாக முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. அலுவலகக் கணக்குப் பிரிவில் வட்டி வருமானத்தையும் தெரிவித்துவிட்டால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வீட்டு விஷயத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று கூச்சப்படுபவர்களே அதிகம். அந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு.

ஆண்டின் நடுவில் வேலை மாறுபவர்களுக்கும் இதே கதைதான். பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தைச் சொல்லாவிட்டால், புதிய நிறுவனமும், வரி கணக்கிடும் முன் சம்பளத்தில் குறைத்துக்கொள்ளும் நிலையான கழிவை (புதிய வரி முறையில் 75,000 ரூபாய்) முதலிலிருந்து கொடுக்கும். ஒரே சலுகை இரண்டு முறை கிடைத்த மகிழ்ச்சி, ஆண்டு வருமானக் கணக்கான ரிட்டர்னைத் தாக்கல் செய்யும்போது கரைந்துவிடும்.

அடுத்தது, மனைவி பெயரில் போடும் பணம். கணவர் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. அது தரும் வட்டி மட்டும் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். மைனர் பிள்ளை பெயரில் போட்டாலும் பொதுவாக இப்படித்தான், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும். பெற்றோருக்கோ வயது வந்த பிள்ளைக்கோ கொடுத்தால் இந்தச் சேர்க்கை கிடையாது. சட்டமே திறந்து வைத்திருக்கும் இந்த வழியைக் குடும்பங்கள் ஏனோ கவனிப்பதில்லை.

மார்ச் மாதம் வந்ததும் 'வரி மிச்சம்' என்று காப்பீட்டுப் பாலிசி விற்க ஆள் வருவார். கையெழுத்துப் போடும் முன் பழையது, புதியது என்று இருக்கும் இரண்டில் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்களாக மாற்றிக்கொள்ளாவிட்டால் இருப்பது புதிய முறையில்தான். அதில் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்குக் கழிவே கிடையாது. இல்லாத சலுகைக்காகப் பதினைந்து ஆண்டு பிரீமியம் கட்டுவது என்ன கணக்கு?

2025-26 முதல், புதிய முறையில் '12 லட்சம் வரை வரி இல்லை' என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். வரியை இல்லாமல் செய்யும் அந்தத் தள்ளுபடி பங்கு விற்ற லாபத்துக்குப் பொருந்தாது. வாங்கிய ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரி தனியாக நிற்கும்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, ரிட்டர்னைச் சரிபார்க்க, அதாவது தாக்கல் செய்தது நான்தான் என்று உறுதிசெய்ய, மறப்பவர்களும் இருக்கிறார்கள். சமர்ப்பித்து 30 நாள் தாண்டினால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும். அதற்குள் தாக்கல் கெடு முடிந்திருந்தால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். ஆதார் ஓ.டி.பி. போட்டால் இரண்டு நிமிட வேலை. சமர்ப்பித்த கையோடு முடித்துவிடலாம்.